இருட்டிய பிறகு ஹயர் வேண்டாம், அப்பா: மலைப்பாதையில் மூத்த சாரதிகளின் பாதுகாப்பு

என் அப்பாவுக்கு 68 வயது. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து லொறி ஓட்டியவர். ஓய்வுபெற்றபோது கையில் கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில் ஓர் ஆட்டோ வாங்கினார். எங்கள் டிவிஷனில் இரவு பத்து மணிக்குமேல் யாருக்காவது நெஞ்சுவலி என்றால், யாருக்காவது பிரசவ வலி என்றால், முதலில் தட்டப்படுவது எங்கள் வீட்டுக் கதவுதான்.

கடந்த வருடம் ஒரு மழைக்கால மாலையில் நானும் அவரும் ஹட்டனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தூறலும் பனிமூட்டமும். முடக்கு ஒன்றில் எதிரே வந்த லொறியின் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது. லொறி கடந்து போய்விட்டது. ஆனால் அப்பாவின் கைகள் இரண்டு மூன்று விநாடிகளுக்கு அசையவில்லை. ஆட்டோவின் இடது பின்சக்கரம் கானுக்குள் இறங்கி, மதகுக் கல்லில் உரசி நின்றது. அந்தக் கல்லுக்கு அப்பால் தேயிலைச் சரிவு.

"லைட்டு கண்ணுல அடிச்சிருச்சு பாப்பா, வேற ஒன்னும் இல்ல" என்றார். மறுநாள் விடியற்காலையில், நான் எழும்புவதற்கு முன்பே, உரசிய இடத்துக்குப் பெயின்ட் பூசிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெயின்ட்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. வயதான சாரதி ஒருவரிடம் "இனி ஓட்டாதீங்க" என்று சொல்வது எளிது. ஆனால் அவருடைய வருமானமும் மரியாதையும் அந்தச் சாவியில் இருக்கின்றன. பல தோட்டங்களில் அயலவர்களின் உயிரும் அதில்தான் இருக்கிறது. அதனால் நான் வைத்தியர்களிடமும், ஹட்டனில் ஆட்டோ ஓட்டும் மூத்தவர்களிடமும், என் அப்பாவிடமும் வேறொரு கேள்வியைக் கேட்டேன். எதை முதலில் விட வேண்டும், எதைத் தொடரலாம்?

மன்னிக்காத பாதைகள்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் நீண்ட இறக்கம் உண்டு. நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்கும் ஏ7 வீதியும், றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் ஏ5 வீதியும் பிரதானமானவை.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில், கொழும்பு மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று வேனோடும் ஆட்டோவோடும் மோதியது. 7 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 21ஆம் திகதி ஹட்டன் மல்லியப்பு பகுதியில் ஹட்டன் - கண்டி தனியார் பஸ் கவிழ்ந்து 3 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி விடியற்காலை, கதிர்காமத்திலிருந்து குருணாகல் நோக்கிச் சென்ற பஸ் கொத்மலை கெரண்டிஎல்ல பகுதியில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இந்த விபத்துகளுக்கும் சாரதியின் முதுமைக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. இந்தப் பாதைகளில் ஒரு சிறு பிழையைத் திருத்திக்கொள்ள எவ்வளவு குறைந்த இடம் இருக்கிறது என்பதற்காகவே இவற்றை நினைவுபடுத்துகிறேன். சமதரையில் இரண்டு விநாடி தடுமாறினால் வண்டி வீதியோரப் புல்லில் இறங்கும். இங்கே அதே தடுமாற்றம் பள்ளத்தில் முடியும்.

2025 நவம்பரில் வந்த டித்வா புயல் இன்னொரு சிக்கலைச் சேர்த்துவிட்டது. மண்சரிவுகளில் பல இடங்களில் வீதியோரம் உடைந்தது. அனுபவமுள்ள சாரதி கண்ணால் பார்ப்பதோடு நினைவாலும் ஓட்டுகிறார். "இந்த ரோடு எனக்கு மனப்பாடம்" என்பது அப்பா அடிக்கடி சொல்வது. மனப்பாடம் செய்த பாதை மாறிவிட்டால் அந்த நினைவே ஆபத்தாகிறது. சரிவு ஏற்பட்ட பாதையை முதல் தடவை பகல் வெளிச்சத்தில், மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே வழமையான ஓட்டத்துக்குப் போக வேண்டும்.

கண்

முதலில் மாறுவது கண். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, கண்ணின் வில்லை மஞ்சளாகித் தடிக்கிறது. 20 வயதுக்காரரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரரின் விழித்திரையை அடைகிறது. மகனுக்கு நன்றாகத் தெரியும் இருட்டுப் பாதை தகப்பனுக்கு மூன்று மடங்கு இருட்டு.

இரண்டாவது, கூச்சம். எதிர் வெளிச்சம் பட்ட பிறகு கண் பழைய நிலைக்குத் திரும்ப இளையவர்களை விட மூத்தவர்களுக்கு அதிக நேரம் எடுக்கும். கண்புரை தொடங்கியிருந்தால் வெளிச்சம் சிதறி, எதிரே வரும் ஹெட்லைட்டைச் சுற்றி வளையம் தெரியும். அன்றைக்கு அப்பாவுக்கு நடந்தது இதுதான் என்பது பிறகு கண் கிளினிக்கில் தெரிந்தது.

மூன்றாவது, மங்கலான பொருளை மங்கலான பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்கும் திறன். பனிமூட்டத்தில் சாம்பல் நிறக் கம்பளி போர்த்தி நடந்து வருகிறவரைக் கண்டுபிடிப்பது இந்தத் திறனால்தான். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையை வெளிச்சத்தில் சரியாக வாசிப்பவருக்கும் இது குறைந்திருக்கலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிரித்தானியாவில் சாரதிகள் 20 மீற்றர் தூரத்திலிருந்து வாகன இலக்கத் தகட்டை வாசிக்க வேண்டும் என்பது விதி. பகலில், வழமையாகப் போடும் கண்ணாடியோடு, இருபது பெரிய எட்டுகள் தள்ளி நின்று பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டுக் கண் வைத்தியரிடம் போக வேண்டும். கண்புரையை அரச வைத்தியசாலைகளில் இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்து அகற்றுகிறார்கள். அதற்குப் பிறகு பலர் பல வருடங்கள் பாதுகாப்பாக ஓட்டுகிறார்கள். கண்ணழுத்த நோய் அப்படியல்ல. அதில் இழந்த பார்வை திரும்பாது, ஓரப் பார்வைதான் முதலில் போகும், நோயாளிக்கே தெரியாமல் போகும். 60 தாண்டியவர்கள் குறை எதுவும் தெரியாவிட்டாலும் கண்ணைக் காட்டுவது இதற்காகத்தான்.

ஐந்தரை மீற்றர்

மணிக்கு 40 கிலோமீற்றர் என்பது நிதானமான வேகம். இலங்கையில் ஆட்டோக்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமும் அதுதான். அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீற்றர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒருவர் அரை விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டால், வண்டி இன்னும் ஐந்தரை மீற்றர் முன்னால் போய்விடும். இரண்டு ஆட்டோக்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம் அது.

இதற்கு வைத்தியம் வேகத்தைக் குறைப்பதும் இடைவெளியைக் கூட்டுவதும்தான். முடக்குகளில் 40 என்பதை 20 ஆக்கினால், இழந்த அரை விநாடி திரும்பக் கிடைத்துவிடுகிறது. பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான். அடிக்கட்டும். அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி விட்டுவிடலாம்.

கழுத்தும் இடுப்பும் இறுகும்போது திரும்பிப் பார்ப்பது குறைந்து கண்ணாடியை மட்டும் நம்பத் தொடங்குவார்கள். தோட்டப் பாதையில் பின்னால் எடுப்பது, லயத்துக்கு முன்னால் திருப்புவது ஆகிய வேலைகளில்தான் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். ஆள் ஒருவர் இறங்கி நின்று சொல்லாமல் பின்னால் எடுப்பதில்லை என்பதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் முறை வந்தபோது ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான் கிடைத்தது. அந்தக் காலத்தில் இறக்கங்களில் நியூட்ரலில் விட்டு, சிலர் எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்கிப் பழகினார்கள். என் அப்பாவும் அப்படித்தான். நெருக்கடி போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

கியரில் இல்லாத வண்டியை எஞ்சின் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்கில் விழும். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. எஞ்சினை நிறுத்தினால் வேன், கார்களில் பிரேக்கை மிதிக்க உதவும் அமுக்கமும் இல்லாமல் போகும். கால் பலம் குறைந்த மூத்தவருக்கு அந்தப் பிரேக் கல்லாகத்தான் இருக்கும்.

ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுகிறதோ அந்தக் கியரில் இறங்க வேண்டும் என்பது லொறிக்காரர்களின் பழைய பாடம். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்; பாதியில் மாற்றப் போனால் நியூட்ரலில் சிக்கும் ஆபத்து உண்டு. பிரேக்கை மிதித்தபடியே இருக்காமல், வேகம் கூடும்போது அழுத்தி, குறைந்ததும் விட வேண்டும். கருகிய வாடை வந்தால் ஓரத்தில் நிறுத்தி ஆற விட வேண்டும்.

பனிமூட்டத்தில் பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். டிம்மில் ஓட்டி, இடது ஓரக் கோட்டைப் பிடித்துப் போவதே சரி. எதிர் வெளிச்சம் வரும்போதும் பார்வையை அந்த இடது ஓரத்தில் வைத்தால் கூச்சம் குறையும். கண்ணாடியின் உட்பக்கத்தைத் தினமும் துடைப்பதும் ஹெட்லைட்டின் மங்கலை நீக்குவதும் செலவில்லாத உதவிகள்.

மருந்துப் பை

மலைநாட்டில் தடிமன் இல்லாத வீடு இல்லை. தடிமனுக்குக் கடையில் வாங்கிப் போடும் பிரிட்டோன் போன்ற குளிசைகள் தூக்கத்தைத் தரும். சில இருமல் பாணிகளும் நித்திரைக் குளிசைகளும் மனநல மருந்துகளும் அப்படித்தான். இரவு போட்ட குளிசையின் மந்தம் காலையிலும் இருக்கக்கூடும், மூத்தவர்களின் உடலில் அது கூடுதல் நேரம் தங்கும். பிரஷர் குளிசையின் அளவை மாற்றிய முதல் சில நாட்களில் எழும்பும்போது தலைசுற்றலாம். கிளினிக்கில் மருந்து எழுதும்போது "நான் வாகனம் ஓட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வைத்தியருக்குத் தெரிய வழியில்லை.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் சாப்பாடு தள்ளிப்போனால் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கும். காலையில் குளிசையைப் போட்டு, பிளேன்டீ மட்டும் குடித்துவிட்டு, "ஒரு ஹயர் முடிச்சிட்டு வந்து சாப்பிடலாம்" என்று கிளம்புவது எங்கள் பக்கத்தில் வழமை. கை நடுக்கம், வியர்வை, பசி, குழப்பம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். சீனியோ இனிப்புப் பானமோ எடுத்து, பிறகு சாப்பிட்டு, முழுதாகத் தெளிந்து குறைந்தது முக்கால் மணித்தியாலமாவது கழிந்த பின்னரே சாவியைத் தொடலாம். வண்டியில் எப்போதும் ஒரு சீனிப் பொட்டலம் இருக்கட்டும்.

வன்னியிலிருந்து வரும் அப்பாமாருக்கு

இதை வாசிக்கும் பலர் வடக்கு கிழக்கில் இருப்பீர்கள். 1977இலும் 1983இலும் மலைநாட்டிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். சாவு வீடு, கல்யாணம், தேர்த் திருவிழா என்று அவர்கள் பழைய தோட்டத்துக்கு வருகிறார்கள். சிவனொளிபாதமலைப் பருவத்திலும் ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலத்திலும் வடக்கு வேன்கள் இந்த வீதிகளில் நிறைந்திருக்கும்.

ஏ9 வீதி யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரைக்குமே 320 கிலோமீற்றருக்கு மேல். இரவெல்லாம் ஓட்டி, விடியற்காலையில், களைப்பின் உச்சத்தில், பழக்கமில்லாத மலை முடக்குகளுக்குள் நுழைவது இளைஞருக்கே ஆபத்து. 60 தாண்டியவர் கண்டியில் இரவு தங்கி, வெளிச்சம் வந்த பிறகு மலையேற வேண்டும். அல்லது அங்கிருந்து இன்னொருவர் ஓட்ட வேண்டும்.

போர் விட்டுச் சென்ற காயங்களும் வயதோடு சேர்ந்து வெளிவருகின்றன. ஷெல் சத்தத்தில் பாதிக்கப்பட்ட காதுக்கு முடக்கின் மறுபக்க ஹோர்ன் கேட்காமல் போகலாம். செயற்கைக் காலுக்குப் பிரேக்கின் அழுத்தம் தெரியாது; வலது கால் அப்படியென்றால் வாகனத்தில் மாற்றம் செய்யாமல் ஓட்டவே கூடாது. நித்திரையில்லாத இரவுகளும் அதற்கான குளிசைகளும் பகலில் கண்ணை இழுக்கும். இவற்றைச் சொன்னால் அனுமதிப்பத்திரம் போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மருத்துவப் பரிசோதனையில் மறைக்காதீர்கள். காதுக்குக் கருவி உண்டு, வாகனத்துக்கு மாற்றம் உண்டு. மறைத்தால் இரண்டும் கிடைக்காது.

எட்டு வருட இடைவெளி

இலங்கையில் இலகுரக வாகனங்களுக்கான சாரதி அனுமதிப்பத்திரம் பொதுவாக 8 வருடங்களுக்கும் கனரக வாகனங்களுக்கு 4 வருடங்களுக்கும் செல்லுபடியாகும். புதுப்பிக்கும்போது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். ஆனால் 62 வயதிலிருந்து 70 வரை ஒருவரின் கண்ணிலும் காலிலும் எவ்வளவோ மாறிவிடுகிறது. கையில் இருக்கும் அட்டை அந்த நாளில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதற்கே சாட்சி. இடைப்பட்ட வருடங்களில் நாமே நம்மைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2019 ஏப்ரலில் ஜப்பானின் இகெபுகுரோ நகர்ப்பகுதியில் 87 வயதுச் சாரதி ஒருவர் பிரேக்குக்குப் பதிலாக அக்சிலேட்டரை மிதித்ததில் ஓர் இளம் தாயும் அவருடைய சிறு மகளும் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு அங்கே பல மூத்தவர்கள் தாங்களாகவே அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 75 வயதைத் தாண்டியவர்கள் புதுப்பிக்கும்போது நினைவாற்றல் பரிசோதனை கட்டாயம். திருப்பிக் கொடுப்பவர்களுக்குப் பல ஊர்களில் பஸ், டாக்சிக் கட்டணச் சலுகை கிடைக்கிறது. சாவியை வாங்கும்போது மாற்று வழியையும் கொடுக்க வேண்டும் என்ற பாடம் எங்களுக்கும் பொருந்தும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில. வண்டியில் காரணம் தெரியாத புதிய கீறல்கள். பழகிய சந்தியில் ஒரு கணம் எந்தப் பக்கம் என்ற குழப்பம். பிரேக், கிளச் மாறி மிதிபடுவது. "எங்கிருந்து வந்தான்னே தெரியல" என்று அடிக்கடி சொல்வது. பக்கத்தில் ஏற முன்பு தயங்காத பேரப்பிள்ளைகள் தயங்குவது. இவற்றில் இரண்டு தொடர்ந்து நடந்தால் வைத்தியரிடம் போக வேண்டும்.

ஒரே நாளில் அல்ல, படிப்படியாக

அப்பாவோடு நான் முதலில் பேசிய விதம் பிழை. பக்கத்து வீட்டார் முன்னால், "நீங்க இனி ஓட்டக்கூடாதுப்பா" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நான் போகாட்டி ராத்திரியில யாரு போறது? நீ போவியா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

நியாயமான கேள்விதான். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், நாடு முழுவதும் இயங்குகிறது, முதலில் அழைக்க வேண்டியதும் அதைத்தான். ஆனால் உடைந்த தோட்டப் பாதையில் அது மேல் டிவிஷனுக்கு வந்து சேர்வது எப்போதும் எளிதல்ல. தோட்டப் பாதைகளுக்குச் செலவழிக்கப் பிரதேச சபைகளுக்கு வழி திறந்த சட்டத் திருத்தம் 2018இல்தான் வந்தது. அது வந்த பிறகும் எங்கள் பாதையில் மதகுக் கல்தான் வேலி. முடக்குகளில் குவிவுக் கண்ணாடியும் ஓரத்தில் வெள்ளைக் கோடும் பிரதேச சபை உறுப்பினரிடம் நாம் கேட்க வேண்டியவை. அவை எல்லா வயதுச் சாரதிகளையும் காப்பாற்றும்.

கடைசியில் நாங்கள் ஒரு படிமுறைக்கு வந்தோம். முதலில் இரவு ஓட்டத்தை விடுவது. அடுத்தது பனிமூட்டமும் கடும் மழையும். மூன்றாவது, நீண்ட இறக்கமுள்ள தூர ஹயர்கள். நான்காவது, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவது. கடைசிப் படி, சாவியைக் கொடுப்பது. எந்தப் படியில் எப்போது கால் வைப்பது என்பதை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, கண் கிளினிக் முடிந்து வரும் நாளில், நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுவது. முடிவை அவரே சொல்வது.

இரவுக் கேள்விக்கு டிவிஷன்தான் பதில் சொன்னது. இளம் ஆட்டோக்காரர்கள் மூன்று பேர் முறை வைத்து இரவு அழைப்புகளை எடுக்க ஒத்துக்கொண்டார்கள். பணம் யார் கொடுப்பது என்பதில் இன்னும் இழுபறி இருக்கிறது; மாதச் சந்தா ஒன்று சேர்க்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, மற்றதுக்குத் திகதி வந்திருக்கிறது. காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை, ஹட்டன் டவுனுக்குள்ளும் தோட்டத்துக்கும் மட்டும் ஓட்டுகிறார். சென்ற மாதம் ஓர் இரவு, பழக்கத்தில் யாரோ எங்கள் கதவைத் தட்டினார்கள். அப்பா எழும்பி, முறைக்காரப் பையனைக் கூப்பிட்டு, தானும் அவனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். எந்த முடக்கில் கல் உருளும், எங்கே ஓரம் உடைந்திருக்கிறது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனாராம். நோயாளி நேரத்துக்கு வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தார்.